இன்டர்ஃபெரான் வைரஸைக் கொல்வதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) பற்றிய தங்கள் கட்டுரை இன்டர்ஃபெரானை ‘வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து’ என்கிறது. சற்றுத் தள்ளி, அது வழக்கொழிந்துவிட்டதாகவும் சொல்கிறது. முதலாவது தவறு, இரண்டாவது பாதிதான் சரி.

1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இரு அறிவியலாளர்கள், வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்ஸா வைரஸோடு கோழிமுட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளைத் திரவத்தில் வைத்திருந்து, அந்தத் திரவத்தைப் புதிய சவ்வின்மீது விட்டார்கள். பிறகு அதில் உயிருள்ள வைரஸால் பெருக முடியவில்லை. சவ்வு வெளியிட்டிருந்த புரதமே இன்டர்ஃபெரான். அது வைரஸைத் தொடுவதே இல்லை. அக்கம்பக்கத்துச் செல்களின் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் புரதங்களான ஏற்பிகளில் ஒட்டி, உள்ளே நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்களுள் சில, வைரஸ் நுழைந்ததும் அதன் ஆர்என்ஏ துண்டாக வழி செய்கின்றன, சில செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவைக்கின்றன. பட்டறையையே பூட்டிவிட்டால் திருடன் எதை வைத்துத் தொழில் செய்வான்?

திருடனும் சளைத்தவனல்ல. ஹெபடைடிஸ் சி வைரஸ், தன் புரதங்களைப் பிரிக்க வைத்திருக்கும் அதே நொதியால், செல்லுக்குள் அபாயச் செய்தியைக் கடத்தும் புரதத்தையும் வெட்டிவிடுகிறது.

அந்த வைரஸுக்காக, உடலில் நீண்ட நேரம் தங்கும்படி மாற்றிய பெக்-இன்டர்ஃபெரான் ஊசியை வாரம் ஒன்றாக 48 வாரங்கள், ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளோடு போட்டுக்கொண்டவன் நான். மாலையில் வயிற்றில் ஊசி. நள்ளிரவில் நடுக்கம், இரண்டு போர்வைக்கும் அடங்காத குளிர், மறுநாள் மூட்டுமூட்டாக வலி. ஃப்ளூ வந்தால் உடம்பு முறிவதற்கும் நம் இன்டர்ஃபெரானே ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அந்த வலி பிடிபட்டது. என்னைத் தொற்றியிருந்த, வைரஸின் முதலாம் மரபணு வகையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே அன்று குணம் கிடைத்தது. 2013இன் இறுதியில், வைரஸையே நேரடியாகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. இன்று பெரும்பாலோருக்கு 8 அல்லது 12 வார மாத்திரைகளிலேயே 95 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறது. ஆகவே ஹெபடைடிஸ் சியைப் பொறுத்தவரை கட்டுரையாளர் சொன்னது சரி.

ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. அதன் வட்ட வடிவ டிஎன்ஏ கல்லீரல் செல்லின் உட்கருவிலேயே குடியிருப்பதால், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்கினாலும் பலர் அவற்றை ஆண்டுக்கணக்கில் விழுங்க நேர்கிறது. 48 வாரங்களில் முடியும் இன்டர்ஃபெரான், எல்லோருக்கும் பலிக்காவிட்டாலும், நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்கு மாத்திரை இல்லாமலேயே வைரஸ் அடங்கியிருக்கும் நிலையைத் தருகிறது. ஹெபடைடிஸ் டியிலும் அது இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. மனச்சோர்வு, வெள்ளணுக் குறைவு ஆகிய பக்கவிளைவுகள் உண்மையே. முற்றிய கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

இவ்விரு திருத்தங்களையும் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்