ஓவியர் மாற்குவின் எஞ்சிய படைப்புகளைச் சேகரித்துக் காக்கக் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர்,
கல்வி, பண்பாட்டலுவல்கள், விளையாட்டுத்துறை மற்றும் இளைஞர் விவகார அமைச்சு,
வடக்கு மாகாணம்.

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
வடமராட்சி.

பொருள்: ஹாட்லிக் கல்லூரியின் சித்திர ஆசிரியராக இருந்த அ. மாற்குவின் ஓவியங்களைப் பதிவுசெய்து பாதுகாத்தல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி என்றதும் எவருக்கும் கணிதமும் விஞ்ஞானமும்தான் நினைவுக்கு வரும். 1838 இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தொடங்கிய அந்த மெதடிஸ்த மிஷன் பாடசாலை, பொறியியலாளர்களையும் வைத்தியர்களையும் உருவாக்கிப் பெயர் எடுத்தது. அங்கேதான் குருநகரில் பிறந்த அ. மாற்கு (1933–2000) சித்திரம் படிப்பித்தார். யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கி வைத்தார். அந்த வழியில் அடுத்த தலைமுறையாக வந்தவர் மாற்கு. கொழும்பில் ஓவியம் பயின்று ஊர் திரும்பியவர், நண்பர்களோடு சேர்ந்து விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தினார். பாடசாலை மணி அடித்ததோடு அவருடைய படிப்பித்தல் முடிந்துவிடவில்லை. வெளியேயும் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓவியர்கள் வாசுகி ஜெயசங்கர், தா. சனாதனன், நிலாந்தன் ஆகியோர் அவரிடம் கற்றவர்களே. ஒரு பெண் தூரிகை எடுத்துத் தன் வாழ்வைத் தானே வரையலாம் என்பதை வாசுகியின் படங்களில் பார்க்கும்போதெல்லாம், அந்த வகுப்புக்கு நாம் பட்டிருக்கும் கடன் எனக்குத் தெரிகிறது. 1987 இல் மாணவர்களும் நண்பர்களும் அவருக்கென ஒரு சிறப்பு மலர் வெளியிட்டார்கள். ஒரு சித்திர வாத்தியாருக்கு அப்படி ஒரு மரியாதை எங்கள் மண்ணில் இலேசில் கிடைப்பதில்லை.

அப்புறம் 1995 வந்தது. ஒக்டோபர் 30 ஆம் திகதி போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே வீட்டை விட்டு நடந்தபோது, கையில் எடுக்க முடிந்ததைத்தான் சனம் எடுத்தது. அவருடைய படங்களில் பல அந்த இடப்பெயர்வோடு தொலைந்துபோயின.

நான் அவரிடம் படித்தவன் அல்ல. சாதாரணதர வகுப்புகளுக்குச் சித்திரம் படிப்பித்தவன். சிகிரியா ஓவியங்களைப் பற்றியும் கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் வரைந்த சுவரோவியங்களைப் பற்றியும் என் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியோடு சொல்லிக் கொடுத்தேன். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் கீறேல்லையா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது மாற்குவின் பெயரைச் சொன்னேன். அவருடைய ஒரு படத்தையாவது நேரில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட எனக்கு இடம் இருக்கவில்லை. அந்தக் கவலையோடுதான் ஓய்வு பெற்றேன்.

மிஞ்சியவை மாணவர், நண்பர் வீடுகளில் இருக்கின்றன. எங்கள் கடற்கரைக் காற்றின் உப்பும் ஈரமும் கடதாசியை விடாது, கறையானைச் சொல்லவே வேண்டாம். அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது. அவர்களுக்குப் பின் வீட்டை ஒதுக்குகிறவருக்கு அந்தச் சுருள் வெறும் பழைய கடதாசியாகத்தான் தெரியும்.

ஆகவே முதலில் ஒரு பட்டியல் வேண்டும். எந்தப் படம், யாரிடம், எந்த நிலையில் என்று பதிய, ஓவியம் தெரிந்த இரண்டு மூன்று பேரை அமைச்சு நியமிக்க வேண்டும். படங்களை யாரிடமிருந்தும் பறிக்க வேண்டாம். உடைமை அவர்களுக்கே இருக்கட்டும். வீட்டுக்கே போய் நல்ல தரத்தில் படம்பிடித்து, அமிலமற்ற உறைகளைக் கையில் கொடுத்துவிட்டு வரலாம். மின்பதிவில் நீண்ட அனுபவமுள்ள நூலக நிறுவனத்தின் உதவியையும் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களிடம் உள்ளவற்றின் பிரதியை அனுப்பவும் ஒரு வழி செய்ய வேண்டும்.

அடுத்தது, பார்க்க ஓர் இடம். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அருகில் எழுந்திருக்கும் கலாசார மையத்தில் அருங்காட்சியகத்துக்கென்றே தளங்கள் இருக்கின்றன. அதை நிர்வகிப்பவர்களோடு அமைச்சு பேசி, மாற்குவுக்கும் அவர் வழிவந்த ஓவியர்களுக்கும் ஓர் அறையை நிரந்தரமாகப் பெற்றுத்தர வேண்டும். ஹாட்லிக் கல்லூரிக்கும் மாகாணத்தில் சித்திரம் கற்பிக்கும் மற்றப் பாடசாலைகளுக்கும் நல்ல அச்சுப் பிரதிகள் போய்ச் சேர வேண்டும்.

பட்டியல் வேலையை வடமராட்சியில் தொடங்குவதானால் வீடு வீடாக நானும் வருவேன். அதற்குச் சம்பளம் வேண்டாம். நேரில் விளக்கமளிக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்