யாரைக் கேட்டு எழுதுகிறீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் செய்தி ஆசிரியர்களுக்கும், தாலுகா நிருபர்களுக்கும், செல்போனும் மைக்குமாக உள்ளூர்ச் சேனல் நடத்தும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் பாலக்கோடு பக்கம் நாளிதழ் முகவர். மாமனார் காலத்து ஏஜென்சி. அவருக்குப் பிறகு வீட்டுக்காரர் பார்த்தார், இப்போது நான் பார்க்கிறேன். விடிவதற்கு முன் பார்சல் இறங்கும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவள். கட்டுப் பிரித்து, இணைப்பைச் செருகி, லைன் வாரியாகப் பையன்களுக்குக் கொடுத்து, கடைகளுக்குப் போஸ்டர் அனுப்புவது வரை என் வேலை. உங்கள் மாவட்டப் பக்கத்தை இந்த ஊரில் முதலில் படிக்கிற ஆள் அநேகமாக நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பெண்களைப் பற்றியும் திருநங்கை, திருநம்பிகளைப் (பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்கள்) பற்றியும் நீங்கள் போடும் செய்திகளில் அவர்களைத் தவிர மற்ற எல்லாரும் பேசுகிறார்கள். போலீஸ் பேசுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிறார். 'அப்பகுதி பொதுமக்கள்' என்று ஒரு கூட்டம் எப்போதும் பேசத் தயாராக இருக்கிறது. சம்பந்தப்பட்டவள் மட்டும் பேசுவதில்லை. ஸ்டேஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த குறிப்புக்கு ஒரு தலைப்பு வைத்தால் செய்தி ஆகிவிடுகிறது. இதைத்தான் நான் பாரபட்சம் என்கிறேன். யாரோ திட்டம் போட்டுச் செய்யும் சதி என்று நினைக்கவில்லை. பழகிப்போன சோம்பல் என்றே நினைக்கிறேன். ஆனால் அடி வாங்குகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேறு மாவட்டத்து ஆசிரியர்களாக இருந்தால் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். உங்கள் எல்லைக்குள்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசுத் தரப்பு அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது. ஊரார் மேலேயே வழக்கு இருந்தது. அன்று அதிகாரிகள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அது 'கடத்தல்காரர்கள் கைது' என்ற நாலு வரியோடு முடிந்திருக்கும். மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் ஊருக்குப் போய், அந்தப் பெண்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் வழக்கு நின்றது. 1995-ல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவானது. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது.

தீர்ப்புக்கு முன் அந்த நீதிபதி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். கோப்பில் எல்லாம் இருக்கிறதே என்று சென்னையில் உட்கார்ந்திருக்காமல், 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே வந்து இடத்தைப் பார்த்தார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு முடிந்தது, அரூரில் பைக் வைத்திருக்கும் நிருபருக்கு முடியாதா?

அடுத்தது, பெயரை மறைக்கும் சாமர்த்தியம். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் சிறுமியின் பெயரைப் போடுவதில்லை என்று நீங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். எங்கள் லைனில் ஒரு சின்ன ஊர். அங்கே நடந்த ஒரு வழக்கைப் பற்றி வந்த செய்தியில் பெயர் இல்லை. ஆனால் ஊர்ப் பெயர் இருந்தது, அப்பா என்ன தொழில் என்று இருந்தது, பிள்ளை எந்த வகுப்பு என்று இருந்தது. அந்த ஊரில் அந்தத் தொழில் செய்கிறவர் ஒருவர்தான். காலை ஆறரைக்கெல்லாம் எனக்குப் போன் வந்துவிட்டது, 'இன்னிக்கு ஒரு பேப்பர் எக்ஸ்ட்ரா குடுத்து விடு' என்று. அந்தத் தெருவுக்குப் போக எங்கள் பையன் தயங்கினான். அவனும் அதே பள்ளிக்கூடம்தான்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. போக்சோ சட்டம் 23-வது பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று அடையாளம் காட்டும் எதையும் போடக்கூடாது என்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிருபர் மாத்திரம் மாட்டிக்கொள்ளும் விஷயமும் இல்லை. வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பதே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

2025 மார்ச்சில் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்தில், கட்டிவைத்த கல்யாணத்துக்கு ஒப்பாத 14 வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் காணொளி வந்ததே, ஞாபகம் இருக்கும். எத்தனை செல்போனில் அது ஓடியது! அவள் கத்துவதை ஊரே பார்த்தது. கைது, போக்சோ, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் எல்லாம் செய்தியில் வந்தன. சரி. அப்புறம்? அந்த மலையில் மேல்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு, படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களைக் கட்டிக்கொடுக்கும் கணக்கு எந்த வயதில் தொடங்குகிறது என்று நான் விநியோகித்த பேப்பர் எதிலும் தொடர்ந்து படிக்கவில்லை. காணொளி தீர்ந்தது, செய்தியும் தீர்ந்தது.

ஸ்கேன் வழக்குகளும் அப்படியே. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சட்டவிரோதமாகப் பார்த்துச் சொன்ன கும்பல் பிடிபட்டால், இடைத்தரகர் பெண்ணின் படம் பெரிதாக வரும். 2001 கணக்கெடுப்பில் தர்மபுரியில் ஆறு வயதுவரை உள்ள ஆண் குழந்தைகள் 1000-க்குப் பெண் குழந்தைகள் 826. 2011-ல் 913. இந்த எண்ணுக்குப் பின்னால் பையன்தான் வேண்டும் என்று சொன்ன புருஷன், மாமனார், மாமியார் உண்டு. அவர்கள் படம் ஒருநாளும் வந்ததில்லை. வயிற்றைச் சுமந்தவளின் ஊர் மட்டும் வந்துவிடும்.

நல்ல செய்தியிலாவது எங்களுக்கு வாய் உண்டா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு 1989-ல் தொடங்கியதே எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை 2023 ஜூலையில் அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்ததும் தொப்பூரில்தான். கடனுதவி வழங்கும் விழாப் படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நடுவில் பெரிய அட்டைக் காசோலை. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். படத்துக்குக் கீழே அமைச்சர், கலெக்டர், எம்.எல்.ஏ., திட்ட இயக்குநர், ஒன்றியச் செயலாளர் வரை பெயர் இனிஷியலோடு இருக்கும். காசோலையைப் பிடித்திருப்பவள் 'பயனாளி'. அவள் கடனை வாங்கி என்ன செய்கிறாள், வட்டி போக என்ன மிச்சம், தவணைக்காரன் வீட்டு வாசலில் நின்றபோது என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. மார்ச் 8 வந்தால் மட்டும் அதியமான், ஔவை, நெல்லிக்கனி என்று ஒரு சிறப்புப் பக்கம். அதற்கு நகைக்கடை விளம்பரம். ஔவை தூதுபோனவள், அரசர் சபையில் நின்று பேசியவள் என்பதாவது அந்தப் பக்கத்தை எழுதுகிறவருக்கு உறுத்த வேண்டாமா?

இனி திருநங்கைகள் சமாச்சாரம். நாட்டிலேயே முதல் திருநங்கை உதவி ஆய்வாளர் பிரித்திகா யாஷினி 2017-ல் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் பணியில் சேர்ந்தார். உயர் நீதிமன்றம் வரை போய் வாங்கிய வேலை அது. எல்லாரும் படம் போட்டீர்கள், சந்தோஷம். அதற்கு அப்பால் எங்கள் மாவட்டத்துத் திருநங்கைகள் உங்கள் பக்கத்தில் வருவது சுங்கச்சாவடியில், பஸ் ஸ்டாண்டில், 'அடாவடி' என்ற தலைப்போடு. கைதட்டிக் காசு கேட்பதில் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நானும் பஸ்ஸில் போகிறவள்தான். வீடு வாடகைக்குக் கேட்டு எத்தனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதும் அதே அளவுக்குச் செய்தி, அவ்வளவுதான். திருநம்பிகளைப் பற்றி நான் குறைசொல்லவே வழியில்லை. அவர்கள் வருவதே கிடையாது.

என்னிடம் பழைய பேப்பர் எடை போட்டு வாங்கிப் போகும் ஒரு திருநங்கை இருக்கிறார். தள்ளுவண்டியில் டிபன் கடை. (பேப்பரில் நேராக மடிக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும், உள்ளே இலை வைத்துத்தான் கட்டுகிறார்.) ஒருநாள் வந்து, "அக்கா, எங்களப் பத்தி வந்த பக்கம் இருந்தா அத மட்டும் உருவிட்டுக் குடுங்க. கஸ்டமர் பொட்டலத்தப் பிரிச்சுப் படிச்சுட்டு என்னைத் திரும்பிப் பாக்கறாங்க" என்றார். அன்றிலிருந்து எடை போடும் முன் புரட்டிப் பார்க்கிறேன். அவருக்கு நான் உருவிவைத்த தாள்கள் கடையில் ஒரு தனிக் கட்டாக இருக்கின்றன. வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

உங்களுக்கு என்ன வார்த்தை எழுதுவது என்று குழப்பம் என்றால், உயர் நீதிமன்ற வழக்கை ஒட்டித் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. டெஸ்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்குமேல் வார்த்தையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வார்த்தை மரியாதையாக மாறி, செய்தி பழையபடியே இருப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளிநாட்டுச் செய்தியை எடுத்துப் போடும்போது இன்னும் மோசம். 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது பிறப்பின்படியான பாலினத்தைக் குறிக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே சட்டத்தில் பாலினம் மாறியவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பகுதி அப்படியே இருக்கிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. என் போனுக்கு வந்த செய்தி அட்டையில் முதல் பாதிதான் இருந்தது. டீக்கடையில் ஒருவர் என்னிடம், "இனிமே பஸ்ல இவங்களுக்கு ஓசி டிக்கெட் கிடையாதாமே?" என்கிறார்! லண்டன் தீர்ப்புக்கும் பாலக்கோடு டவுன் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே திருநங்கை, திருநம்பிகளின் உரிமையை ஏற்று நம் உச்ச நீதிமன்றம் 2014-ல் கொடுத்த தீர்ப்பு இருக்கிறது, அவர்களுக்கான 2019 சட்டம் இருக்கிறது, கட்டணமில்லாப் பயணத்துக்கு மாநில அரசின் ஆணை இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வரி போதும்.

விளையாட்டிலும் இப்படித்தான். 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய நம் புதுக்கோட்டைப் பெண் சாந்தி சௌந்தரராஜன். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய அந்தரங்கமான பரிசோதனை முடிவு ஊர் முழுக்கச் செய்தியானது. மருத்துவ அறிக்கையில் எது வாசகருக்குத் தேவை, எது வெறும் வேடிக்கை என்று அன்று யாரும் நின்று யோசிக்கவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃப் விஷயத்திலும் அதே அவசரம். பிறப்பிலேயே பெண் என்று பதிவாகிப் பெண்ணாக வளர்ந்தவரை 'ஆண்' என்று போட்ட காணொளிகள் எங்கள் மலைக்கிராமம் வரை வந்து சேர்ந்தன.

இதைச் சொல்வதால், கேள்வி கேட்கும் பெண்களை வாயை மூடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மகளிர் விடுதி, கழிப்பறை, போட்டி விதிகள் என்று பெண்களுக்கு நிஜமான கவலைகள் உண்டு. ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை விடுதிகளில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத பயமா? அப்படிக் கேட்கிறவளைப் பிற்போக்கு என்று ஒதுக்குவதும், திருநங்கையைக் கேலிப்பொருள் ஆக்குவதும் ஒரே அலட்சியம்தான். இரண்டு பேரையும் கேட்டு, இரண்டு பேர் சொன்னதையும் போடுங்கள். டிவி விவாதத்தில் இருவரையும் மோதவிட்டு நடுவில் விளம்பரம் போடுவதைச் சொல்லவில்லை.

'அந்த மாதிரிச் செய்திதான் விற்கும்' என்று உங்கள் விற்பனைப் பிரிவுக்காரர் சொல்வார். அவருக்கு நான் பதில் சொல்கிறேன், விற்காமல் திரும்பும் ரிட்டர்ன் கட்டு என் கடையில்தான் கிடக்கிறது. போஸ்டரில் கள்ளக்காதல் கொலை வந்தால் பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் கூடுதலாகப் போகும், உண்மை. டீக்கடையில் ஒரே பேப்பரை இருபது பேர் படிப்பார்கள், அதில் எனக்கும் லாபமில்லை, உங்களுக்கும் இல்லை. மாதச் சந்தா கட்டும் வீடுகளில், 'வயசுப் பிள்ளை இருக்கற வீடு, வேற பேப்பர் போடுங்க' என்று சொல்லும் அம்மாக்களை நீங்கள் பார்த்ததில்லை. எனக்குக் கட்டு பற்றாமல் போவது உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் படம் வரும் நாளிலும், அரசு வேலை அறிவிப்பு வரும் நாளிலும், தக்காளி விலை தலைகீழாகும் நாளிலும்தான்.

தாலுகா நிருபர்கள் பாடு தெரியாமல் பேசவில்லை. சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பெட்ரோல் கைக்காசு, தீபாவளிக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். எஸ்.ஐ.யைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குச் செய்தியே கிடைக்காது. ஆகவே இந்த மடல் முதலில் டெஸ்கில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான். நிருபர் அனுப்புவதில் 'அந்தப் பெண் என்ன சொன்னார்?' என்ற ஒரு கேள்வியை நீங்கள் கேட்டுத் திருப்பி அனுப்பினால், அடுத்த முறை அவரே கேட்டுக்கொண்டு வருவார். அவள் பேச விரும்பவில்லை என்றால் 'பேச விரும்பவில்லை' என்று போடுங்கள், அதுவும் அவள் சொன்னதுதான். இரண்டு மாவட்டத்திலும் சேர்த்துப் பெண் நிருபர் எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள் என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தப்பாகப் போட்டால் திருத்தத்தை அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவில் போடுங்கள்.

எங்கள் பகுதி மகளிர் குழுக்கள் இதைப் பற்றிப் பேச அடுத்த மாதம் கூடுகின்றன. டிபன் கடைக்காரரும் வருகிறார். இரவு எட்டு மணிக்கு மேல்தான், அதற்கு முன் யாருக்கும் வேலை முடியாது. நிருபரை அனுப்புவதானால் பார்சலில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள், காலையில் எனக்குக் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நாளிதழ் முகவர்,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.