பன்னெண்டாவது முடிக்கப்போற பிள்ளைங்க வீட்டுக்கு: காலேஜ் ஃபீஸ் பத்தி

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கு வணக்கம்.

நம்ம ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளிலருந்து லெட்டர் வந்தாலே வீட்டுப்பாடம் எழுதல, ஆண்டு விழாவுக்கு பட்டுப்பாவாடை வேணும், பார்க்கிங்ல வழிய மறிச்சு கார நிறுத்தாதீங்க, இவ்ளோதான் இருக்கும். இந்த தடவ வேற விஷயம், ஃபீஸே கட்டாம பிள்ளைங்க காலேஜ் படிக்கறது பத்தி, கொஞ்சம் நீளம், காபி போட்டுட்டு உக்காருங்க.

போன மாசம் கிளாஸ் முடிஞ்சு கதவ பூட்டிட்டு வரேன், ஒரு அப்பா கார் பக்கத்துல நின்னுட்டு இருக்காரு. மளிகைக் கடைல வேல, ரெண்டு மணிக்கு ஷிஃப்ட், அதனால கடை டீ-ஷர்ட்டோடயே வந்திருந்தாரு. போன நீட்டி "டீச்சர், ஏதோ ஃப்ராடு மெயில் வந்துட்டே இருக்கு, மூணு தடவ டெலீட் பண்ணிட்டேன், விடமாட்டேங்குது"ன்னாரு. வாங்கி பாத்தா அது ஃபாஃப்சாலருந்து, அதாவது காலேஜ் பண உதவிக்கு அமெரிக்க ஃபெடரல் அரசாங்கத்துக்கு போடற ஃபார்ம்லருந்து, வந்த அழைப்பு. அவரோட பொண்ணு ஃபார்ம்ல அப்பா பேர போட்டு அனுப்பிருக்கா, இவர் உள்ள போய் சம்மதம் கொடுத்து கையெழுத்து போட்டாதான் அந்த ஃபார்ம் முடியும். பொண்ணு வாயே திறக்கல, வருமானம் பத்தி கேட்டா அப்பா மனசு கஷ்டப்படும்னு நெனச்சிருக்கா. அப்பாவும் சொல்லல, வைரஸ்னு பயந்துட்டாரு. ஒரே வீடு, ஒரே டைனிங் டேபிள்! அன்னைக்குத்தான் இந்த லெட்டர எழுதணும்னு தோணுச்சு.

ஓசில குடுத்தா பினாயிலக்கூட குடிப்பான்னு ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க இல்ல, நம்ம ஆளுங்க காலேஜ் ஃப்ரீன்னா மட்டும் ஏனோ தள்ளி நிக்கறாங்க. இந்த சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா தமிழ்க் குடும்பம்னா எல்லாரும் சாஃப்ட்வேர், எல்லாருக்கும் சொந்த வீடுன்னு வெளில நெனக்கறாங்க. நம்ம ஸ்கூல்லயே ஹோட்டல் கிச்சன்ல நிக்கறவங்க, டாக்ஸி ஓட்றவங்க, வயசானவங்கள பாத்துக்க போறவங்க, வேல போய் எட்டு மாசமா தேடிட்டு இருக்கவங்க எல்லாம் இருக்கீங்கன்னு எனக்கு தெரியும். இந்த லெட்டர் முக்கியமா உங்களுக்குத்தான்.

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல, அதாவது ரெண்டு வருஷ அரசாங்க காலேஜ்ல, ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 2012லருந்து ஏறல. செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தா 552, அசோசியேட் டிகிரிக்கு வேண்டிய 60 யூனிட்டும் சேத்தா 2,760. (1984 வரைக்கும் இந்த ஃபீஸே கிடையாது, அப்புறம்தான் யூனிட்டுக்கு 5 டாலர்னு ஆரம்பிச்சாங்க, அது தனிக் கதை.) இந்த 46ஐயும் கட்டாம இருக்க ரெண்டு வழி இருக்கு, பேரு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, அங்கதான் எல்லாரும் கொழம்பறாங்க.

ஒண்ணு "காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட்". இது வருமானம் பாத்து குடுக்கறது, பார்ட் டைமா படிச்சாலும் கிடைக்கும். இன்னொண்ணு வெறும் "காலேஜ் ப்ராமிஸ்", கடைசில கிராண்ட் இல்ல. 2017ல ஏபி 19னு ஒரு சட்டம் வந்து முதல் வருஷத்துக்கு குடுத்தாங்க, 2019ல ரெண்டு வருஷமாக்கினாங்க. முதல் தடவையா காலேஜ் போறவங்க, ஒவ்வொரு செமஸ்டரும் 12 யூனிட்டுக்கு கொறையாம எடுக்கணும், ஃபாஃப்சா போட்டிருக்கணும். பணத்த எப்படி செலவு பண்றதுன்னு அந்தந்த காலேஜ்தான் முடிவு பண்ணும், நிறைய எடத்துல வருமானம் பாக்காமலே ஃபீஸ தள்ளுபடி பண்றாங்க, அதனால நம்ம பக்கத்து ஓலோனி காலேஜுக்கு ஒரு மாதிரி, பக்கத்து ஊருக்கு ஒரு மாதிரி இருக்கலாம், கேட்டுக்குங்க.

நம்மகிட்ட படிச்ச ஒரு பையன் ரெஸ்டாரண்ட்ல சாயந்திர ஷிஃப்ட் கிடைச்சுதுன்னு ஒரு கிளாஸ விட்டுட்டு 9 யூனிட்டுக்கு வந்துட்டான், ப்ராமிஸ் நின்னுபோச்சு. அவங்க வீட்டு வருமானத்துக்கு கிராண்ட் தாராளமா கிடைச்சிருக்கும், ஆனா அப்ளை பண்ணவே இல்ல, ரெண்டும் ஒண்ணுதானேன்னு இருந்துட்டாங்க. ரெண்டுக்கும் போடுங்க. கிராண்ட் வந்தப்புறமும் ரெண்டு செமஸ்டர் தொடர்ந்து ஜிபிஏ 2.0க்கு கீழ போனாலோ, எடுத்த யூனிட்ல பாதிக்கு மேல முடிக்கலன்னாலோ அதுவும் போய்டும்.

ஃபீஸ் ஃப்ரீன்னா எல்லாமே ஃப்ரீ இல்ல, அதயும் சொல்லிடறேன். புக்ஸு, பஸ்ஸு, ஹெல்த் ஃபீ, இந்த ஊர் வாடகை எல்லாம் இருக்கு, அதோட பாத்தா ஃபீஸ் ஒரு தூசு. ஆனா நம்ம ஸ்டேட்ல ஒரு நல்ல விஷயம், கிராண்ட் ஃபீஸ முதல்லயே தள்ளுபடி பண்ணிடும், அப்புறம் வர்ற பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத ஃபெடரல் உதவி) பணம் பிள்ளை கைக்கே வரும், 2025-26ல உச்சத்தொகை 7,395 டாலர். டென்னஸீ ஸ்டேட்ல 2015ல முதல் பேட்ச் சேத்த டென்னஸீ ப்ராமிஸ்ல இது தலைகீழ், அங்க பெல் பணத்த எல்லாம் கழிச்சப்புறம் மிச்ச ஃபீஸுக்கு மட்டும்தான் ஸ்டேட் குடுக்கும். இந்த விஷயத்துல நம்மளது மேல்னு நான் அடிச்சு சொல்வேன்.

விசா பத்தி தனியா நிறைய பேர் கேக்கறீங்க. எச்-4ல, அதாவது எச்-1பில வேல பாக்கறவங்க குடும்பத்துக்கு குடுக்கற விசால, இருக்கற பிள்ளைக்கு ஃபாஃப்சா கிடையாது, மறைச்சு சொல்லி பிரயோஜனம் இல்ல. ஆனா இங்க ஒரு வருஷத்துக்கு மேல குடியிருக்கறத காட்டினா வெளியூர் ஃபீஸ் இல்லாம அதே 46க்கு வரலாம், அட்மிஷன்ஸ் ஆஃபீஸ்ல கேளுங்க. பேப்பரே சரியா இல்லாத பிள்ளைங்க இங்க மூணு வருஷம் ஹைஸ்கூல் படிச்சு முடிச்சிருந்தா அவங்களும் அதே 46க்கு படிக்க ஏபி 540னு ஒரு சட்டம் இருக்கு, அவங்க போட வேண்டியது கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் ஃபார்ம், அது ஸ்டேட்டுக்கு மட்டும்தான் போகும். உங்க நிலைமை என்னன்னு எங்கிட்ட சொல்லவே வேண்டாம், ஃபார்ம் பேர மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

அப்புறம் அந்த கௌரவப் பிரச்சனை. பொங்கல் விழால சாப்பாட்டு லைன்ல நின்னுட்டு "பொண்ணு எங்க போறா?"ன்னு கேப்பாங்க, ஒருத்தர் பெர்க்லிம்பாரு, இன்னொருத்தர் சான் டியாகோம்பாரு, பொண்ணு கம்யூனிட்டி காலேஜ் போறான்னா அடுத்தவர் பாயசத்த பாத்துட்டு பேச்ச மாத்துவாரு. மாத்தாதீங்க. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், இந்த ஆறு யூசிலயும் (கலிஃபோர்னியா ஸ்டேட்டோட யூனிவர்சிட்டிங்க) கம்யூனிட்டி காலேஜ்லருந்து மாறி வர்ற பிள்ளைங்களுக்கு டேக்னு (TAG) சீட்டு உத்தரவாதம் இருக்கு, கேட்ட பாடமும் ஜிபிஏவும் இருந்தா மூணாவது வருஷத்துக்கு சீட்டு நிச்சயம். ஃபால் செமஸ்டர்ல சேர டேக் ஃபார்ம் செப்டம்பர் மாசத்துல மட்டும்தான் எடுப்பாங்க, எந்தப் பாடம் செல்லும்னு முதல் செமஸ்டர்லயே கவுன்சிலர்கிட்ட உக்காந்து பாக்கணும், இல்லன்னா ரெண்டு வருஷம் மூணாயிடும்.

வர்ற ஞாயிறு கிளாஸ் முடிஞ்சு மூணாம் நம்பர் ரூம்ல நானும் நம்ம பழைய மாணவங்க ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். லேப்டாப், போன், ஃபார்ம்ல கேக்கற வருஷத்து டாக்ஸ் ரிட்டர்ன், அதாவது காலேஜ் சேர்ற வருஷத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியுள்ளது, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருந்தா அது, எல்லாம் எடுத்துட்டு வாங்க. நம்பர் இல்லாத அப்பா அம்மாவும் அக்கவுண்ட் போடலாம். பிள்ளைக்கு ஒரு ஈமெயில், உங்களுக்கு ஒரு ஈமெயில், தனித்தனியா இருக்கணும், தயவுசெஞ்சு பிள்ளையோட ஈமெயில்லயே உங்க அக்கவுண்ட்டயும் போடாதீங்க, போன தடவ அத சரி பண்ணவே ஒரு மணி நேரம் ஆச்சு. மார்ச் 2க்குள்ள முடிச்சுடலாம். கம்யூனிட்டி காலேஜுக்கு கால் கிராண்ட்னு (Cal Grant) ஸ்டேட் குடுக்கற உதவிக்கு செப்டம்பர் 2 வரைக்கும் டைம் குடுக்கறாங்கதான், ஆனா அத நம்பி உக்காராதீங்க.

அந்த மளிகைக் கடை அப்பா கையெழுத்து போட்டுட்டாரு. அவரும் ஞாயித்துக்கிழமை வர்றதா சொல்லிருக்காரு, ஷிஃப்ட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் இருப்பாராம். ஃப்ராடு மெயில்னு நெனச்சு டெலீட் பண்ணவங்க வேற யாராவது இருந்தா அவர்கிட்டயே பேசிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியர்