காயலான் கடைக்குப் போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் வாடகை வீடு மாறும்போதும், போகிக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போதும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளின் படிப்புக்கென்று தவணையில் வாங்கிய மேசைக் கணினிகள் காயலான் கடைக்கு எடைக்குப் போடப்படுவதைக் காண்கிறேன். அவற்றில் பல பழுதடைந்தவை அல்ல. அவற்றில் உள்ள விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவினால் அந்தக் கணினிகள் ஒரு மாணவரின் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்பதையும், அதற்குத் தேவையான தொடக்க நேரத் துணையை நம் பகுதிக் கிளை நூலகங்கள் தர வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக வலியுறுத்த விரும்புகிறேன்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு மேம்படுத்தல்களை 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கானவற்றை 2020 ஜனவரியிலும் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. அடுத்ததான விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசஸரும் வேண்டும் என்பதால், பழைய கோர் 2 டியோ பிராசஸர் கொண்ட கணினியும் இரண்டாம் தலைமுறை ஐ3 கணினியும் அதன் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. குரோம் உலாவியும் 2023 தொடக்கத்திலேயே விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. இந்நிலையில் பலரும் நாடுவது, சில நூறு ரூபாய்க்குக் கடையில் போட்டுத் தரப்படும் திருட்டு விண்டோஸைத்தான். அதை இயக்குவதற்கான சிறு நிரல், முதல் வேலையாக வைரஸ் தடுப்பானை அணைக்கச் சொல்கிறது. அதே கணினியில்தான் பிறகு வங்கிக் கடவுச்சொல்லும் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கான ஆதார் எண்ணும் தட்டச்சு செய்யப்படுகின்றன என்பதை எண்ணும்போது கவலையாக இருக்கிறது.

லினக்ஸ் என்றால் கணினி வல்லுநர்களுக்கானது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதன் கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்திலும் இருக்கிறது. ஆகவே அதைப் பயன்படுத்தாத வீடு நம் தெருவில் அநேகமாக இருக்காது. நம் ஊருக்கும் அது புதிதன்று. பாஸ் லினக்ஸ் என்னும் இந்தியப் பதிப்பை உருவாக்கியதில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்துக்குப் பெரும் பங்குண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதுவும் நிறுவித் தரப்பட்டது. ஆனால் அதைத் திறந்து பார்க்கும்படி மாணவர்களுக்கு யாரும் வழிகாட்டவில்லை. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், லினக்ஸைப் போல எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளே பாடமுறையாக நிலைபெற்றிருக்க, நாம் கையில் கொடுத்ததையும் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

தட்டச்சுப் பயிலகம் நடத்துபவள் என்ற முறையில், என்னிடம் பயிலும் மாணவ மாணவியர் வீடுகளில் இத்தகைய கணினிகளை ஆயத்தம் செய்து கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலும் முதல் வேலை மென்பொருளில் இல்லை. காசிமேடு, ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் கேபினட் எனப்படும் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், உப்புக் காற்றில் திருகாணிகள் துருப்பிடித்திருக்கும். பிராசஸரின் மீதுள்ள விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே தூசு கம்பளியாகப் படிந்திருக்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதைத் தூரிகையால் எடுத்தாலே, சூடேறித் தானாக அணைந்துகொண்டிருந்த கணினி அணையாமல் நிற்கும். திரையில் ஒன்றும் வராமல் பீப் ஒலி மட்டும் வந்தால், ரேம் என்னும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். எந்தக் கணினி மெக்கானிக்கும் முதலில் செய்வது இதைத்தான்.

அடுத்தது, மதர்போர்டு என்னும் முதன்மைச் சர்க்யூட் பலகையில் உள்ள சி.ஆர். 2032 என்னும் வட்டமான மூன்று வோல்ட் பேட்டரி. இது தீர்ந்துபோன கணினியில், மின்சாரத்தை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், 2009-ஆம் ஆண்டில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் கணினி எந்தத் தளத்தையும் ஏற்காமல் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும். இணையம் வேலை செய்யவில்லை, கணினி போய்விட்டது என்று வீட்டார் முடிவுகட்டி விடுகிறார்கள். மளிகைக் கடையிலும் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் அந்தச் சிறு பேட்டரியை மாற்றியதும் உயிர்பெற்ற கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

பணம் செலவிட முடிந்தால், முதலில் செலவிட வேண்டியது பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி, அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் எஸ்.எஸ்.டி. என்னும் வேகமான சேமிப்பகம் ஒன்றைச் சிறிய அளவில் போடுவதற்கே. பழைய மதர்போர்டின் சாட்டா இணைப்பு அதன் முழு வேகத்தைத் தராது என்றாலும், கணினி தொடங்குவதிலும் நிரல்கள் திறப்பதிலும் தெரியும் வேறுபாட்டை வேறு எதுவும் தராது. இரண்டு ஜி.பி. ரேம் இருந்தால் நான்காக உயர்த்துவது நல்லது. அதற்கு ரிச்சி தெருவில் பயன்படுத்திய டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 ரேம்களைத் தேடலாம். ஆனால் அக்காலத்தில் மிகப் பரவலாக விற்ற ஜி31 வகை மதர்போர்டு நான்கு ஜி.பி.க்கு மேல் ஏற்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இந்தச் செலவுக்கு முன்பே கணினியைச் சோதித்துப் பார்க்க லினக்ஸ் இடம் தருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். லினக்ஸின் பல வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய கணினிகளுக்குப் பொருத்தமானது. விண்டோஸ் பழகியவர்களுக்கு அதன் தோற்றம் அந்நியமாக இராது. ஏறத்தாழ மூன்று ஜி.பி. அளவுள்ள அதன் கோப்பை வேறொரு கணினியில் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் நிரலின் மூலம் எட்டு ஜி.பி. பென்டிரைவில் எழுத வேண்டும். சாதாரணமாக நகலெடுத்தால் அது இயங்காது. கணினியைத் தொடங்கும்போது எஃப் 12 விசையையோ, அந்தந்த மதர்போர்டுக்கு உரிய விசையையோ அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸ் திறக்கும். ஒலி கேட்கிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். வைஃபை இல்லாத மேசைக் கணினி என்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜர் கேபிளால் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினியோடு பகிரும் யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்கினால் போதும். வீட்டு இணைப்பு இல்லாமல் கைப்பேசி டேட்டாவையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. நிறுவத் தீர்மானித்துவிட்டால், குடும்பப் படங்களையும் சான்றிதழ்களின் நகல்களையும் முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். ‘டிஸ்க்கை அழித்து நிறுவுக’ என்ற தேர்வு, சொன்னபடியே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

பிராசஸர் 64 பிட் வகையா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கோர் 2 டியோவும், அதற்குப் பிந்தையவற்றில் பெரும்பாலானவையும் அவ்வகையே. 32 பிட் மட்டுமே உள்ள பழைய பென்டியம் 4 கணினிகளுக்கான ஆதரவை முன்னணிப் பதிப்புகள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 என்னும் லினக்ஸ் பதிப்பிலும் அவற்றுக்கான நிறுவி இல்லை. அவற்றின் மீது பணம் செலவழிக்குமாறு யாருக்கும் நான் சொல்வதில்லை.

தமிழ்த் தட்டச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை, லினக்ஸில் எந்தத் தனி மென்பொருளும் வாங்காமல் கிடைக்கிறது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவிக்கொண்டால், தமிழ் 99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பும் வரிசையில் நிற்கும். தட்டச்சுப் பொறியில் முதுநிலை தேறிய விரல்கள் பழகிய இடத்திலேயே எழுத்துகளைக் கண்டடையும்; புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் தமிழ் 99-இல் குறைந்த விசைகளில் எழுதப் பழகலாம். எழுதுவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டில் என்பதால் மின்னஞ்சலிலும் அரசு இணையதளத்திலும் அது எழுத்து மாறாமல் போய்ச் சேரும். பாமினி, வானவில் எழுத்துருக்களில் எழுதிய பழைய கோப்புகளை மட்டும் எழுத்துரு மாற்றி நிரலின் மூலம் யுனிகோடாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். விண்டோஸிலும் அது தவிர்க்க முடியாத வேலைதான்.

நம் மாநிலப் பாடத்திட்டமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 2018-இல் தொடங்கி அறிமுகமான புதிய பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓபன் ஆஃபிஸ் பாடமாக வைக்கப்பட்டது. ஆவணங்களும் கணக்குத் தாள்களும் எழுத உதவும் அந்த மென்பொருளிலிருந்து கிளைத்த லிப்ரே ஆஃபிஸ், லினக்ஸ் மின்ட்டுடன் சேர்ந்தே வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் உள்ள பைத்தான் நிரல்மொழியும் அதில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை பள்ளி ஆய்வகத்தில் தன் முறைக்காகக் காத்திருந்து, கிடைத்த சில நிமிடங்களில் நிரலை எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியின் சிறு திரையில் பைத்தானைப் பழகலாம் என்று சொல்பவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

லினக்ஸால் ஆகாதவையும் உண்டு; அவற்றை மறைத்துப் பரிந்துரைப்பது நியாயமாகாது. வீட்டில் யாரேனும் டாலி என்னும் கணக்கியல் மென்பொருளில் கணக்கு எழுதுபவராக இருந்தால், அது விண்டோஸுக்கென்றே உருவாக்கப்பட்டது என்பதால் விண்டோஸே வேண்டும். சில லேசர் பிரிண்டர்களுக்கு அவற்றை இயக்கும் லினக்ஸ் டிரைவர் நிரலைத் தேடிச் சேர்ப்பது பெரும்பாடு. எச்.பி. பிரிண்டர்களில் பலவும் எளிதில் இயங்குகின்றன. கோர் 2 டியோ கணினியில் யூடியூப் காணொளியை 480பி அளவில் வைத்துப் பார்ப்பதே நல்லது. உலாவியில் பத்துப் பக்கங்களை ஒருசேரத் திறந்து வைத்தால் நான்கு ஜி.பி. ரேமும் போதாது. வேர்டு கோப்பை லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் பக்க அமைப்பு சற்றே நகரலாம் என்பதால், வெளியே அனுப்புவதைப் பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்ப வேண்டும். பள்ளி மாணவர் ஒருவருக்கு இவற்றில் எதுவும் பெருந்தடையாக இராது.

எடைக்குப் போன கணினி எங்கே போய்ச் சேருகிறது என்பது வடசென்னை மக்களுக்குத் தெரியும். செம்புக்காகக் கேபிள்கள் எரிக்கப்படும் நாற்றத்தையும், கொடுங்கையூர் குப்பை வளாகத்தின் புகையையும் சுவாசிப்பவர்கள் நாங்கள்தாம். பழைய குழாய்த் திரைகளின் கண்ணாடியிலும், பழைய சர்க்யூட் பலகைகளின் பற்றவைப்பிலும் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்வோரை மட்டுமின்றிப் பழுதுபார்த்துப் புதுப்பிப்போரையும் தனி வகையினராக ஏற்றிருக்கின்றன. மீண்டும் பயன்படுத்துவதற்குச் சட்டமே இடம் வைத்திருக்கும்போது, நாம் நேரே எடைக்கல்லுக்குப் போக வேண்டியதில்லை.

தெரிந்த ஒருவர் முதல் முறை பக்கத்தில் அமர்ந்திருந்தால், மேற்சொன்ன எதுவும் கடினமில்லை. அந்த ஒருவர் இல்லாத வீடுகள்தாம் இங்கே அதிகம். ஆகவே பொது நூலகத் துறையும் மாநகராட்சியும் இணைந்து, வடசென்னையின் கிளை நூலகங்களில் மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் பழைய கணினிகளுக்கான லினக்ஸ் நிறுவல் முகாமை நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மேசை, மின் இணைப்பு, சில பென்டிரைவ்கள், ஒரு பழைய மானிட்டர் ஆகியவை போதும். வீட்டார் கேபினட்டை மட்டும் ஆட்டோவில் கொண்டு வந்தால் போதுமானது. சொல்லித் தரும் ஆட்களுக்கும் பஞ்சமில்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு, தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, கணியம் அறக்கட்டளை ஆகியவற்றைச் சார்ந்த ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக இப்பணியைத் தன்னார்வத்துடன் செய்து வருகிறார்கள். அவர்களை அழைக்க வேண்டியது மட்டுமே பாக்கி. 2024-இல் தொடங்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஒதுக்கப்பட்ட தொகையோடு ஒப்பிட்டால், இதற்காகும் செலவு கணக்கில் ஏறாத அளவுக்குச் சிறியது. கொளத்தூரில் மாணவர்களுக்கான படிப்பகமும் பகிர்ந்து பயன்படுத்தும் பணியிடமும் கொண்ட முதல்வர் படைப்பகத்தை அமைக்க முடிந்தபோது, தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் ஏற்கெனவே உள்ள நூலக அறைகளில் இதைத் தொடங்குவது இயலாத காரியம் அன்று.

அரையாண்டு விடுமுறைக்கு முன் முதல் முகாம் நடந்தால், பொதுத்தேர்வு எழுதும் மாணவர்கள் விடுமுறையிலேயே பயன்படுத்தத் தொடங்கிவிடலாம். அதற்கான பென்டிரைவ்களை எழுதித் தரவும், தமிழ் 99 பழகிய எங்கள் மாணவியர் சிலரை உதவிக்கு அனுப்பவும் எங்கள் பயிலகம் அணியமாக இருக்கிறது.

இங்ஙனம்,
தட்டச்சுப் பயிலக ஆசிரியை ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 600 021