தோட்டத்துக்கு அரையாண்டு விடுமுறை கிடையாது

18.12.2025, மார்கழி 3

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு அடுத்த வாரம் முடிகிறது. மதிப்பெண்ணைப் பற்றி ஜனவரியில் பேசிக்கொள்வோம். இந்தக் கடிதம் நம் பள்ளித் தோட்டத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆண்டிலேயே பகல் குறைந்த நாள். சூரியன் தெற்கே போகிற கடைசி எல்லையான மகர ரேகைக்கு நேர் மேலே அன்று நிற்கும். நம் ஊரில் அன்றைய பகல் சுமார் 11 மணி 37 நிமிடம். ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் இதற்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். லண்டன் பக்கம் அன்றைக்கு எட்டு மணி நேரம்கூட வெளிச்சம் இருக்காது. அங்கே தோட்டம் போடுகிறவர்கள் ‘இருட்டு இதோடு சரி, இனி ஏறுமுகம்’ என்று இந்த நாளை வரவேற்பதும், விதைகளை எண்ணி வைத்துக்கொண்டு வசந்தத்துக்குக் காத்திருப்பதும் நியாயம்தான். நமக்கோ பிசானப் பருவத்து நெல் பச்சையாக நிற்கிறது, தாமிரபரணியிலிருந்து வரும் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. இருந்தாலும் இந்த நாளை நாமும் வரவேற்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் வேறு. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு பஞ்சாயத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு தந்தை பள்ளிக்கே வந்து, “தை ஒண்ணாந்தேதிதானே சார் உத்தராயணம்? டிசம்பர் 21ன்னு பிள்ளைக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுக் காலண்டரில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இரண்டுமே தப்பில்லை. நம் பஞ்சாங்கம் சூரியன் எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்து மாதத்தைக் கணக்கிடுகிறது. மகர ராசிக்குள் அது நுழைவது தை முதல் நாள். ஆனால் பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுகிற மாதிரி மிக மெதுவாகச் சுற்றுகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டு. அதனால் சூரியன் வடக்கே திரும்பும் நாளும் தை முதல் நாளும் சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில்தான் வந்தன. இன்றைக்கு இடைவெளி 25 நாள். பொங்கலை மாற்ற வேண்டியதில்லை. நிழலைக் கேட்டால் அது டிசம்பர் 21 என்றுதான் சொல்லும், அவ்வளவுதான்.

நிழல் என்றதும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் அந்த ஒரு மீட்டர் கம்பைச் சொல்ல வேண்டும். ‘அது என்ன, பந்தல் போடவா?’ என்று பலர் கேட்டீர்கள். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் அதன் நண்பகல் நிழலைச் சுண்ணாம்பால் குறித்து வருகிறார்கள். ஜூனில் நிழல் தெற்கே விழுந்தது, 26 சென்டிமீட்டர். அப்புறம் சுருங்கிச் சுருங்கி ஆகஸ்ட் கடைசியில் கம்பின் அடியிலேயே ஒளிந்துகொண்டது. பிறகு வடக்குப் பக்கம் எட்டிப் பார்த்து வளர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை 63 சென்டிமீட்டர் வர வேண்டும். அதற்கு மேல் இந்த வருடம் ஒரு விரற்கடைகூட நீளாது. பார்க்க விரும்புகிறவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். ஆனால் உச்சிப்பொழுது நம் ஊரில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. நம் கடிகாரம் மிர்சாப்பூர் பக்கத்துத் தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் 12 மணி 18 நிமிடம் வாக்கில்தான் நிழல் மிகக் குட்டையாகும். பன்னிரண்டு அடித்தவுடன் பார்த்துவிட்டு ‘கணக்கு இடிக்குதே சார்’ என்று திரும்பிப் போய்விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஜனவரியில் மறுபடி பஞ்சாயத்து வரும். 21க்குப் பிறகு பகல் நீளும். ஆனால் காலையில் சீக்கிரம் விடியாது. இப்போது ஆறரைக்கு உதிக்கிற சூரியன் ஜனவரிக் கடைசியில் 6.40க்குத்தான் உதிக்கும். நீளுவதெல்லாம் சாயங்காலம்தான். பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆகவே ‘நாள் நீளுதுன்னு சார் சொன்னாரு’ என்று சொல்லிப் பிள்ளைகள் யாரும் பள்ளிக்குத் தாமதமாக வர முடியாது, சீக்கிரம் வரவும் தேவையில்லை.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

ஆவணியில் சிறுகிழங்குக் கொடியின் தலைப்புகளை வெட்டி நாலு பாத்தி நட்டோம். புரட்டாசி, ஐப்பசி முழுக்க இலையாக வந்து தள்ளியது. தோண்டிப் பார்த்தால் வேரைத் தவிர ஒன்றும் இல்லை. உரம் போதவில்லை என்று நான் நினைத்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆச்சி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “உரமெல்லாம் வேண்டாம் சார். ராப்பொழுது நீண்டாத்தான் கெழங்கு எறங்கும்” என்றார்கள். சொல்லிவிட்டு அவர்கள்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அறிவியல் ஆசிரியை புத்தகத்தைப் புரட்டினார். ஆச்சி சொன்னதுதான் சரி. நம் நாட்டுச் சிறுகிழங்குக்குப் பகல் குறைந்தால்தான் கிழங்கு பிடிக்கும். பந்தலில் ஏறிய நாட்டு அவரையும் அப்படியே. ஆடியில் விதைத்தாலும், பகல் குறைகிற மாதங்கள் வந்த பிறகே பூக்கும்.

நேற்று ஒரு செடியை மட்டும் பிடுங்கிப் பார்த்தோம். ஈர மண் ஒரு பந்தாக வந்தது. உதிர்த்தால் உள்ளே சுண்டுவிரல் பருமனில் பத்துப் பதினைந்து கிழங்கு, கறுப்புத் தோலோடு. நகத்தால் கீறினால் வெள்ளை. அந்த வாசனை உங்களுக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. ஒரு பையன் “சார், திருப்பி நட்டுருவமா?” என்று கேட்டான். பாவம், அவனுக்கு மனசே இல்லை. இன்னும் நாலு வாரம் மண்ணுக்குள் இருந்தால் பொங்கலுக்குச் சரியாக இருக்கும்.

மேற்கு மூலையில் பனங்கிழங்குப் பாத்தியும் இருக்கிறது. குளத்தங்கரையில் பிள்ளைகள் பொறுக்கி வந்த கொட்டைகளைப் புதைத்தது. மேலே பார்த்தால் வெறும் மண்மேடு. ‘அந்த இடம் சும்மாத்தானே கிடக்கு’ என்று அதன் மேல் சைக்கிள் நிறுத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதையும் பொங்கலை ஒட்டித் தோண்டிவிடுவோம். விட்டுவிட்டால் முற்றி நாராகிவிடும்.

இருட்டின் அருமை எனக்குப் புரிந்தது என் தப்பினால்தான். அலுவலக வாசலில் ஐந்து செவ்வந்தித் தொட்டி, சத்துணவுக் கூடத்துச் சுவரோரம் ஐந்து. எல்லாம் ஒரே நாளில் நட்டவை, ஒரே மண். கூடத்துச் செடிகள் கார்த்திகையிலேயே மொட்டு வைத்தன. அலுவலகச் செடிகள் இலையும் தண்டுமாக நெடுநெடுவென்று நின்றன. பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்: வாசலில் ராத்திரி முழுக்க எரிகிற எல்.இ.டி. விளக்கு. பாதுகாப்புக்காக அதை மாட்டச் சொன்னது நான். செவ்வந்தி பகலை அளப்பதில்லை, விடாமல் தொடர்கிற இருட்டைத்தான் அளக்கிறது. விளக்கு எரிந்தால் அதற்கு ராத்திரியே வருவதில்லை. இப்போது ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து ஒரு மாதம் ஆகிறது. குண்டூசித் தலை அளவில் மொட்டு தெரிகிறது. எனக்கு இதில் பிள்ளைகளிடம் தோற்ற சந்தோஷம்.

அதனால்தான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டத்துக்கு முக்கியமான நாள். ஆண்டிலேயே நீண்ட இரவு. நாம் சாப்பிடப்போவதில் பாதி அந்த இருட்டில்தான் உருவாகிறது.

அதற்கு மறுநாளே அடுத்த பட்டத்துக்கான வேலையும் தொடங்குகிறது. 22ஆம் தேதி கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் மேட்டுப்பாத்தியில் நாற்று விடுகிறோம். 25, 30 நாளில் தக்காளி, கத்தரி நாற்று தயாராகும், பொங்கல் முடிந்ததும் எடுத்து நடலாம். மிளகாய்க்கு இன்னும் பத்து நாள் போல ஆகும். மாசிப் பட்டத்துக்குச் சுரை, பீர்க்கு, புடலை. வீட்டில் நாட்டு விதை பானையிலோ துணி முடிச்சிலோ இருந்தால் நாலு விதை கொடுத்தனுப்புங்கள். கடை விதை வேண்டாம், அது எங்களுக்கே கிடைக்கும்.

ஆறாம் வகுப்பில் ஒரு குழந்தை, பாடப் படத்தில் உள்ள ஸ்பிரிங் நமக்கு எப்போது வரும் என்று கேட்டது. நமக்கு இளவேனில் சித்திரையும் வைகாசியும். பள்ளி வாசல் புங்க மரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர் விடும், வேப்பம்பூ தண்ணீர்த் தொட்டியெல்லாம் மிதக்கும். நம் கம்புக்கும் அப்போது ஒரு விசேஷம் உண்டு: ஏப்ரல் 12ஐ ஒட்டி, சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னால், உச்சிப்பொழுதில் அதற்கு நிழலே இருக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பள்ளியை விட்டுப் போவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இப்போது கேட்க வந்த விஷயம். விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது?

மழைக் காலம்தானே என்று விட்டுவிட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வந்து, நம் தோட்டம் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. வடிந்த பிறகு எல்லாப் பாத்தியும் ஒரே வண்டல். அடுத்த மாசியில் அதே வண்டலில் போட்ட வெண்டை என் உயரத்துக்கு வந்தது, அது வேறு கதை. இந்த வருடம் மழை வரலாம், வராமலும் போகலாம். நாற்றங்கால் மட்டும் ஒரு நாள் காய்ந்தாலும் போச்சு, ஒரு நாள் குளமாய் நின்றாலும் அழுகிப் போச்சு.

தலைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரம் இல்லை. காலையில் பூவாளியால் நாற்றங்காலுக்கு மட்டும். குடத்தை அப்படியே கவிழ்த்தால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும், போன வருடம் நடந்தது. முளைத்து வரும்வரை மேலே மூடியிருக்கும் வைக்கோலை எடுக்க வேண்டாம், அதன் மேலேயே தெளியுங்கள். மழை பெய்த அன்று வர வேண்டாம், வீட்டில் இருங்கள். சாவி சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கிறது. அடிபம்பு கொஞ்சம் மக்கர் செய்யும், முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால் ஏறிவிடும். பெயர் எழுதும் தாள் பள்ளி வாசலில் ஒட்டியிருக்கிறது. இதுவரை ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள், ஐவரும் அம்மாக்கள். அப்பாக்களின் கையெழுத்தையும் பார்க்க ஆவல்.

கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். ஆடுகளுக்கு விடுமுறை தெரியாது.

பொங்கலுக்கு முந்தின வாரம் சிறுகிழங்கு எடுக்கிறோம். பள்ளிச் சமையலுக்குப் போக மிஞ்சியது உழைத்த பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு வகுப்பும் ஒரு பழைய சணல் சாக்கு கொண்டுவர வேண்டும். கிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோலெடுப்பது எப்படி என்று அந்த ஆச்சியே வந்து சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கை கறுத்துத்தான் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். திட்டாதீர்கள்.

தங்கள்,
தலைமையாசிரியர்

பி.கு.: கோலத்துக்குப் பூசணிப்பூ பறிக்க விடியற்காலையில் பள்ளி வேலிக்கு வரும் அம்மாக்களுக்கு: தாராளமாகப் பறியுங்கள். காம்பு நீளமாக, ஒல்லியாக இருந்தால் ஆண் பூ, அது உங்களுக்கு. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ, அதை விட்டுவிடுங்கள். ஆண் பூவிலும் தேனீக்களுக்கென்று இரண்டு மூன்று மிச்சம் வையுங்கள். போன மார்கழியில் வாசலெல்லாம் பூவாக இருந்தது, சாம்பாருக்கு ஒரு பூசணிக்காய்கூடக் கிடைக்கவில்லை.