பையில் ஒரு பொட்டலம் கிடைத்தால்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். 8ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இக்கடிதம் வருகிறது.

போதை என்றதும் கஞ்சாதான் நம் நினைவுக்கு வரும். பெட்டிக்கடையில் திருட்டுத்தனமாகக் கிடைக்கும் கூல் லிப்பை நாம் எண்ணுவதில்லை. புகையிலை அடைத்த, குட்டி டீ பேக் போன்ற வெள்ளைப் பை அது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். புகையில்லை, புதினா வாசனைதான் வரும். துவைக்கப் போட்ட சட்டைப் பையையும் ஜாமெட்ரி பாக்ஸையும் பாருங்கள். உதட்டின் உட்புறம் வெளுத்துத் தடித்திருந்தாலோ, ரசம் சோறுக்கே வாய் எரிகிறது என்றாலோ, உடம்புச் சூடு என்று இளநீரோடு விட்டுவிடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, நம் வீட்டு மருந்து டப்பா. பாட்டியின் ஆபரேஷனுக்குப் பின் மீந்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். அட்டையில் எத்தனை மிச்சம் என்று குறித்து வைப்பது நல்லது.

பஞ்சர் சொல்யூஷன், தின்னர் முகர்வதில் முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். நேரில் பார்த்துவிட்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்தப் பதற்றமே இதயத்தை நிறுத்திவிடக்கூடும். ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் போதையிலும் பிள்ளை மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

பையில் ஏதாவது கிடைத்தால் அன்றிரவே பஞ்சாயத்து வேண்டாம். மறுநாள், தெளிவாக இருக்கும் நேரத்தில், வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள். "யார் கொடுத்தா?" என்று ஆரம்பித்தால் நண்பனைக் காப்பாற்றப் பொய்தான் வரும். "எப்போ ஆரம்பிச்சது? எந்த நேரத்துல தேடுது?" என்று கேட்டுப் பாருங்கள். போதையைக் கண்டறிய மருந்துக்கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். சாதாரணக் கிட்டில் தின்னரும் தெரியாது, டேபென்டடால் என்னும் வலி மாத்திரையும் தெரியாது.

புகையிலையை விட்டால் எரிச்சலும் தலைவலியும் முதல் 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் தணியும். அந்த நாட்களில் மார்க் பேச்சு எடுக்காதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேறு. தினமும் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அறையில் பூட்டி வைத்துத் திருத்துகிறேன் என்று இறங்க வேண்டாம். மருத்துவர் மேற்பார்வை கட்டாயம்.

ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446, இரண்டும் கட்டணமில்லா எண்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் காட்டலாம்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: சிகரெட் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு விற்பதும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி விற்கும் கடை தெரிந்தால் 10581க்குச் சொல்லுங்கள்.

டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம். உதவி கேட்டு வருபவர்களுக்கு டி.சி. தர மாட்டோம். காலை பிரேயருக்கு முன் என் அறைக்கு வரலாம். வாசலில் காரணம் சொல்லத் தேவையில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சென்னை