ரெக்கார்டு நோட்டுகளை இந்த வாரமே மாடிக்கு ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் ஆல்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். இந்த ஆண்டு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, இப்போது கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டது, தீபாவளியும் முடிந்துவிட்டது. சாயங்காலத்தில் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தாலே எனக்குப் போன வருஷத்துப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடுகிறது. பள்ளித் தலைமை ஆசிரியர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக இதை உங்கள் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

வருஷம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. உயிரியல், கணிதம் சேர்ந்த பிரிவு எங்களுடையது. காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 31 மார்க் வாங்கி, பேப்பரைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அழுதேன். என் பக்கத்தில் உட்காரும் தோழிதான் தினமும் மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு கணக்காகப் போட்டுக் காட்டினாள். அவளுக்குப் படம் வரைவது கைவந்த கலை. பென்சிலை பிளேடால் ஊசிபோலச் சீவிக்கொண்டு, மகரந்தப்பையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை ஸ்கேல், காம்பஸ் எதுவும் தொடாமல் வரைவாள். தாவரவியல் டீச்சர் அவளுடைய ரெக்கார்டை, அதாவது பிராக்டிகல் பாடங்களை எழுதி வைக்கிற நோட்டை, அடுத்த வகுப்புக்கு எடுத்துப் போய்க் காட்டினார். என் ரெக்கார்டில் அந்த ஒரு படத்தை மட்டும் அவளையே வரைந்து தரச் சொன்னேன். தப்புதான், ஆனாலும் இப்போது அந்தப் பக்கம்தான் என்னிடம் இருக்கிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கள் வீட்டில் நாலு ஓடு போனதோடு சரி, தப்பித்தோம் என்று நினைத்தோம். டிசம்பர் 2 விடிவதற்கு முன் சாத்தனூர் அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி என்று பிறகு செய்தியில் பார்த்தோம். தென்பெண்ணை கரை தாண்டி, ராத்திரிக்குள் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். 1972 வெள்ளத்துக்கு அப்புறம் இப்படிப் பார்த்ததில்லை என்றார் எங்கள் ஆயா. அம்மா ரேஷன் கார்டையும் தம்பியையும் தூக்கிக்கொண்டு ஓடினார். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் என் மூன்று ரெக்கார்டு நோட்டுகள் இருந்தன. அடுத்த வாரம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பள்ளியிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். பேனாவால் எழுதியதெல்லாம் கரைந்து பக்கம் முழுக்க வெளிர்நீலம். வேதியியலில் பியூரெட் அளவுகள் எழுதிய அட்டவணையில் கட்டங்கள் மட்டும் இருந்தன, எண்கள் இல்லை. பென்சில் கோடுகள் மட்டும் அழியவே இல்லை. மகரந்தப்பைப் படம் அப்படியே இருந்தது, சுற்றிலும் சேற்று வாசம். நிவாரணமாக வந்த 2,000 ரூபாயில் அம்மா முதலில் பாய் வாங்கினார், அடுத்து எனக்கு ரெக்கார்டு நோட்டு.

எங்கள் மாவட்டத்துக்கு அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளிவைத்தது பெரிய உதவி. வகுப்பில் ஐந்து பேர் பாடங்களைப் பிரித்துக்கொண்டு, தினமும் பள்ளி விட்டதும் உட்கார்ந்து வாசித்தார்கள், நான் எழுதினேன். கடைசி டவுன் பஸ் பிடிக்கிற நேரம் வரைக்கும் டீச்சர் எங்களோடு இருந்தார். அந்த மூன்று வாரத்தில் கிடைத்த நட்பு எனக்கு ஆயுசுக்கும் போதும்.

ஆனால் என் தோழி பள்ளிக்கு வரவில்லை. அவள் வீடு எங்களுக்கும் கீழே, ஆற்றை ஒட்டி. உறவுக்காரர் வீட்டில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம். ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை. என் ரெக்கார்டு, என் பரீட்சை என்றே இருந்துவிட்டேன். பொங்கல் கழித்துப் போனபோது அவள் துணிக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆடு மூன்றும் வெள்ளத்தில் போய்விட்டன, கடன் அப்படியே இருந்தது. அதைவிட, "ரெக்கார்டு இல்லேன்னா பிராக்டிகல் எழுத விடமாட்டாங்களாமே" என்று யாரோ சொன்னதை அவள் நம்பிவிட்டாள். நான் எழுதி முடித்த புது நோட்டைக் காட்டினேன். இரண்டு நாள் வந்தாள், அப்புறம் வரவில்லை.

மார்ச் 3 தமிழ்த் தேர்வன்று அவளுடைய பதிவெண் ஒட்டிய பெஞ்சு காலியாக இருந்தது. மே 9 என்று சொல்லியிருந்த ரிசல்ட் ஒரு நாள் முன்னாலேயே வந்தது. எனக்கு 600-க்கு 487. தெருவுக்கே அம்மா கேசரி கொடுத்தார். மறுநாள் பத்திரிகையில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம் என்று போட்டிருந்தது. தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடுகிற கணக்கு அது. தேர்ச்சி பெற்ற கூட்டத்திலும் அவள் இல்லை, தவறிய கூட்டத்திலும் இல்லை.

எனக்குப் பதினெட்டு வயதாகிறது. அதற்குள் ‘தானே’ புயல், 2015 வெள்ளம், நிவர் புயல், ஃபெஞ்சல் எல்லாம் பார்த்துவிட்டேன். கடலூரில் பள்ளி ஆண்டு என்றால் அதில் புயலும் சேர்த்திதான். அதனால் தலைமை ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பத்து, பிளஸ் டூ பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். பள்ளியிலேயே எழுத வைத்து, இந்த வாரமே மாடி அறைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். தரைத்தளம் மட்டுமே உள்ள பள்ளிகள் மேடான இடத்திலிருக்கும் பக்கத்துப் பள்ளியில் ஒரு பீரோ கேட்டு வாங்கலாம். நோட்டு போனாலும் திரும்ப எழுதலாம் என்பதை இப்போதே பிரேயரில் சொல்லுங்கள். மழை விடுமுறை முடிந்து ஒரு வாரத்துக்குள் யார் வரவில்லை என்று பார்த்து, வகுப்பாசிரியரும் இரண்டு பிள்ளைகளுமாக வீட்டுக்குப் போங்கள். போன் போட்டால் போதாது. வெள்ளத்தில் அந்த வீட்டு போனும் போயிருக்கும்.

என் தோழி அடுத்த தேர்வுக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறாள். டீச்சர்தான் மேலிடத்தில் விசாரித்து, எழுதலாம் என்று சொன்னார். துணிக்கடைக்கு லீவு கிடைக்கிற நாளில் பள்ளிக்குப் போய் எழுதுகிறாள், நான் வாசிக்கிறேன். தாவரவியல் முடிந்துவிட்டது, வேதியியலில் பாதி பாக்கி. நோட்டு இரண்டாவது மாடியில், டீச்சரின் பீரோவில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவி,
ஆல்பேட்டை, கடலூர்.